ஒரே சூட்டுக்கு இரண்டு எண்

ஜன்னல் ஷட்டரைக் கொஞ்சம் இறக்கிவிடட்டுமா அக்கா? பிள்ளை தலையில் சாரல் படுகிறது, அதுதான். உங்களுக்குக் காற்று வேண்டும் என்றால் பாதி மட்டும் இறக்குகிறேன். ஆவணி பிறந்தும் இந்தச் சாரல் விடுகிறதா பாருங்கள்.

கடையம் போகிறோம். கடையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து எங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போக வேண்டும். இவளுக்குக் காதுகுத்து. பேர் செண்பகா. பதினொன்றாம் மாதம் நடக்கிறது. மாமியார், கொழுந்தன் எல்லாரும் பொங்கல் பானை, விறகு, வாழைக்குலையோடு காலையிலேயே குட்டியானை வண்டியில் போய்விட்டார்கள். பின்னால் உட்கார்ந்து போனால் பிள்ளை நனைந்துவிடும் என்று நாங்கள் மட்டும் பஸ்ஸில் வருகிறோம். முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, கோடு போட்ட சட்டை, அவர்தான் எங்கள் வீட்டுக்காரர். பேரைச் சொல்ல எனக்குக் கூச்சம். செங்கோட்டையில் ‘குத்தாலிங்கம் ஸ்டூடியோ’ என்று பலகை பார்த்திருப்பீர்கள். அதுதான் கடை, அதுதான் பேர்.

நல்ல காரியத்துக்குப் போகிறவள் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்றா கேட்கிறீர்கள்? சாதாரணமாக நான் யாரிடமும் பேச மாட்டேன் அக்கா. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியாச்சு. கடைக்கு ஆள் வந்தால் உள்ளே போய்விடுவேன். பாஸ்போர்ட் போட்டோ எப்போது கிடைக்கும் என்று கேட்டால் விரலைக் காட்டுவேன். மூன்று விரல் என்றால் மூன்று மணி. ஆனால் நீங்களாகக் கேட்டுவிட்டீர்கள். தென்காசி வரவும் நேரம் இருக்கிறது.

தென்காசி வந்தால்தான் எனக்கு விஷயமே தெரியும். என் அண்ணன் கோமதிநாயகம் அங்கே இந்த பஸ்ஸில் ஏறுவானா, மாட்டானா. இவளுக்குத் தாய்மாமன் அவன் ஒருத்தன்தான். அவன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். அவன் வராவிட்டால், ‘முறைக்கு மாமன் எத்தனையோ பேர் இருக்கான், எவனாவது ஒருத்தன் உட்காரட்டும்’ என்கிறாள் மாமியார். மாமியாருக்கு அது ஒரு நாற்காலி மாதிரி. எனக்கு அப்படி இல்லை அக்கா. கூடப் பிறந்தவன் உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தன் மடியில் என் பிள்ளையை வைத்தால், அப்புறம் நான் எந்த முகத்தோடு அம்மா வீட்டுக்குப் போவேன்?

சண்டை எதற்கு என்று சொன்னால் சிரிப்பீர்கள். நிலம் இல்லை, நகை இல்லை. கம்ப்யூட்டருக்குள்ளே எத்தனை டிகிரி சூடு என்பதில் சண்டை.

அண்ணன் தென்காசியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். தனித்தனியாகச் சாமான் வாங்கி, தானே கோர்த்து மெஷின் செய்து கொடுப்பான். இவள் பிறந்தபோது மாமன் சீராக வெள்ளி அரைஞாண் போட்டான். அதோடு, ‘மாப்ளை பழைய மெஷினை வச்சுக்கிட்டுச் சீரழியுதாக’ என்று சொல்லி, எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு புது மெஷினும் கோர்த்துக் கொடுத்தான். கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிப் பாட்டு சேர்த்துவிட்டு, கடைசியில் மொத்தத்தையும் ஒரே படமாக வடித்து எடுக்க வேண்டுமாம். அதற்கு நாலு மணி நேரம் ஆகும். அந்த நாலு மணி நேரமும் மெஷின் உறுமிக்கொண்டே இருக்கும். உள்ளே ப்ராசசர் என்று ஒன்று இருக்கிறது. அண்ணன் அதை மூளை என்பான். சதுர பிஸ்கட் அளவுதான் இருக்கும். அது வேலை செய்தால் சூடாகும். சூட்டை ஒரு ஃபேன் இழுத்துப் பின்பக்கமாக வெளியே தள்ளும். பின்னால் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும்.

அந்தக் காற்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது அக்கா. எனக்கு அது எவ்வளவு உபகாரம் தெரியுமா. ஆனியில் சாரல் பிடித்தால் எங்கள் ஊரில் துணி காய்வதாவது. பிள்ளைக்கு நாளைக்குப் பதினைந்து துணி. கடையில் விற்கிற டயாபர் போட்டால் தொடை இடுக்கில் புண்ணாகிவிடுகிறது. கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் ஈரம் போகாமல் நாறும். ஒரு நாள் மேஜைக்கு அடியில் கூட்டப் போனேன். மெஷின் முதுகில் கை பட்டது. வெதுவெதுவென்று காற்று. அன்றைக்கே ஒரு துணியை நன்றாகப் பிழிந்து, நாலாக மடித்து, அந்தச் சல்லடை மேல் போர்த்திப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் இஸ்திரி போட்ட மாதிரி காய்ந்துவிட்டது. அதிலிருந்து அதுதான் பழக்கம். ஒரே தடவையில் மூன்று துணி போடலாம். வீடியோ ஓடுகிற நாளில் நாலுகூடப் போடலாம், அன்றைக்குக் காற்று நல்ல சூடாக வரும்.

யாருக்கும் தெரியாது. கடைக்கு ஆள் வந்து போகிற இடம், பிள்ளை மூத்திரத் துணியைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள். மெஷினின் முதுகு சுவரைப் பார்த்து இருப்பதால் கண்ணில் படாது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் உருவி எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். எங்கள் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. இதெல்லாம் ஆம்பிளைகளிடம் சொல்கிற விஷயமா? அது கிடக்கட்டும். சண்டைக்கு வருகிறேன்.

ஆனிக் கல்யாணம் ஒன்று, புளியரைக்காரர்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் துபாய்க்குக் கிளம்புகிறார்கள், அதற்குள் வீடியோ வேண்டும் என்று தினமும் போன். இவர் வடித்து எடுக்கப் போட்டுவிட்டு ஒரு டீ குடிக்கப் போவார். வந்து பார்த்தால் மெஷின் அணைந்து கிடக்கும். திரும்பப் போடுவார். இரண்டு மணி நேரம் ஓடும், அணையும். ஒரு வாரம் இப்படியே. இதில் அதிசயம் என்ன தெரியுமா அக்கா, சாரல் எந்த நாள் பலமாக விழுகிறதோ அந்த நாள்தான் மெஷின் அதிகம் அணையும். வெயில் அடித்த இரண்டு நாளும் ஒன்றும் செய்யவில்லை. நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் சமர்த்தாக ஓடியதாம். நான் இருந்தால்தான் அதற்குச் சேட்டை.

“ஈரக்காத்து உள்ள போயி ஷார்ட் அடிக்குது போல” என்றார் இவர். அப்புறம் யாரிடமோ கேட்டு, மூளையின் சூட்டைக் காட்டுகிற ஒரு ப்ரோக்ராமை இறக்கினார். வட்டமாக ஒரு மீட்டர், அதில் முள் ஆடும். பார்த்துக்கொண்டே இருந்தோம். எழுபது, எண்பது, தொண்ணூறு. தொண்ணூற்று ஏழு காட்டியது. மெஷின் அணைந்தது.

இவர் உடனே அண்ணனுக்குப் போன் போட்டார். “மச்சான், நீங்க குடுத்த மெஷின் அடுப்பு மாதிரி கொதிக்குது. தொண்ணூத்தேழு டிகிரி. இன்னும் மூணு டிகிரி கூட்டினா சோறு வடிச்சிரலாம்.”

அண்ணன் மறுநாள் வந்தான். அவன் பைக் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். கோயில் தெரு முக்கில் திரும்பும்போதே துணிகளை உருவிக்கொண்டு ஓடிவிட்டேன். கூடப் பிறந்தவன் என்றாலும் கடையில் வந்து மூத்திரத் துணியைப் பார்க்க வேண்டுமா என்ன.

அவன் வந்தான், பிள்ளையைக் கொஞ்சினான், காபி குடித்தான், அப்புறம் பென்டிரைவை எடுத்து வேறு ஒரு ப்ரோக்ராம் போட்டான். அதில் முள் கிடையாது. நீலக் கலரில் கோடு கோடாக இருக்கும். வீடியோவை ஓட விட்டார்கள். அவன் ப்ரோக்ராம் அறுபத்தொன்று என்றது.

“அறுபத்தொண்ணுதான் மாப்ள இருக்கு. தொண்ணூத்தேழு எங்க இருக்கு?”

“என் ப்ரோக்ராமைப் பாருங்க மச்சான்.”

இரண்டையும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். இவர் முள் எழுபத்தாறில் நிற்கிறது. அவன் கோடு அறுபத்தொன்றில் நிற்கிறது. இது ஒன்று ஏறினால் அதுவும் ஒன்று ஏறும். இது இறங்கினால் அதுவும் இறங்கும். ஆனால் நடுவில் பதினைந்து டிகிரி அப்படியே நிற்கிறது. ஒரே மெஷின், ஒரே மூளை, ஒரே நேரம்.

“ஒரே மண்டைக்கு ரெண்டு காய்ச்சலா?” என்று இவர் சிரித்தார். அது வரைக்கும் சிரிப்புத்தான் அக்கா.

“உங்க ப்ரோக்ராம் ஓசி ப்ரோக்ராம். கூட்டித்தான் காட்டும்” என்றான் அண்ணன்.

“உங்களது மட்டும் என்ன, கடைக்காரங்க ப்ரோக்ராம். வித்த சாமானைக் கொறைச்சுத்தான் காட்டும்.”

“நான் என்ன மாப்ள உங்களுக்கு வித்தா குடுத்தேன்?”

அப்போதே ஒருத்தர் நிறுத்தியிருக்கலாம். மூன்றாவதாக ஒரு ப்ரோக்ராமைப் பொதுவாகப் போட்டுப் பார்ப்போம் என்றார்கள். பஞ்சாயத்துக்கு வெளியூர் ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. அது இன்னும் மோசம். ஒரு எண்ணுக்குப் பதில் ஆறு எண் காட்டியது. மூளையில் நாலு அறை இருக்கிறதாம், அறைக்கு ஒரு எண். உச்சத்தில் இருக்கிற சூடு ஒரு எண். மூளை உட்கார்ந்திருக்கிற பலகைக்கு ஓர் எண். இவர் மேலே இருந்து படித்தார், எழுபத்தாறு என்றார். அவன் கீழே இருந்து படித்தான், ஐம்பத்திரண்டு என்றான். அறுபத்தொன்றை அந்த ப்ரோக்ராம் எங்கேயுமே சொல்லவில்லை. அதில் அண்ணனுக்குக் கோபம். தொண்ணூற்று ஏழையும் சொல்லவில்லை. அதில் இவருக்குக் கோபம்.

நான் கதவு இடுக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“சாமான்ல கோளாறு இல்ல மாப்ள. பாக்குற கண்ணுலதான் கோளாறு.”

“ஆமா மச்சான், ஓசில வந்த சாமான் இப்படித்தான் இருக்கும். நாங்கதான் பல்லப் புடிச்சுப் பாக்காம வாங்கிட்டோம்.”

அந்த ‘ஓசி’ என்கிற வார்த்தை இருக்கிறதே. அண்ணன் சொன்னபோது ப்ரோக்ராமைச் சொன்னான். இவர் சொன்னபோது அது சீரைச் சொன்னது. அண்ணன் முகம் எப்படி ஆகிவிட்டது என்கிறீர்கள். பென்டிரைவைப் பிடுங்கினான். செருப்பை மாட்டினான். வாசலில் நின்று, சத்தமே இல்லாமல் சொன்னான்.

“ஓசி சாமான் ஆகாதுன்னா ஓசி மடி மட்டும் எதுக்கு? காதுகுத்துக்கு வேற மடி பாத்துக்கிடுங்க.”

என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பைக் எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் உள்ளே போய்ப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். அப்புறம் துணியெல்லாம் ஈரமாகக் கிடக்கிறதே என்று எழுந்து போய் மெஷின் முதுகில் போட்டுவிட்டு வந்து மறுபடி அழுதேன். வேலை நிற்குமா.

அதற்குப் பிறகு ஒரு மாதம். இவர் அண்ணன் பேரை எடுக்கவில்லை. அண்ணன் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. புளியரைக்காரர்கள் வீடியோவை வேறு ஸ்டூடியோவில் கொடுத்துத்தான் வடித்து வாங்கினார். அங்கே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றது இவருக்கு வெட்கம். அதையும் அண்ணன் கணக்கிலேயே சேர்த்துவிட்டார். இரண்டு ப்ரோக்ராமையும் அழிக்காமல் வைத்திருந்து, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை பார்ப்பார். “எழுவத்தாறு. இதை அறுவத்தொண்ணுன்னு சொல்லுதாரு உங்க அண்ணன்” என்பார், சோற்றைப் பிசைந்துகொண்டே. நான் ரசம் ஊற்றுவேன்.

எனக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை. இரண்டு பேரும் பொய் சொல்கிற ஆட்கள் இல்லை. இவர் கடுகடு என்று பேசுவார், பொய் பேச மாட்டார். அண்ணன் விளையாட்டுக்காரன், ஆனால் பிள்ளை மேல் உயிர். அப்படியிருக்க எண் எப்படி இரண்டு வரும்?

தற்செயலாகத்தான் எனக்குப் புரிந்தது அக்கா. பிள்ளையைக் குளிப்பாட்டும்போது. மாமியார் காலை நீட்டி உட்கார்ந்து, இவளைக் காலில் போட்டு ஊற்றுவாள். நான் வெந்நீர் விளாவிக் கொடுப்பேன். அன்றைக்கு வாளியைக் கொண்டு வைத்தேன். மாமியார் விரலை விட்டுப் பார்த்தாள்.

“என்னளா, பச்சத்தண்ணியா இருக்கு? இன்னும் கொஞ்சம் வெந்நி ஊத்து.”

நான் முழங்கையை மடக்கி உள்பக்கத்தை விட்டுப் பார்த்தேன். சுரீர் என்றது. “சுடுது அத்தை” என்றேன்.

“எங்க சுடுது? என் கை என்ன பொய்யா சொல்லுது?”

மாமியார் கை பொய் சொல்லவில்லை. கொதிக்கிற இட்லிக் கொப்பரையிலிருந்து தட்டைத் துணி இல்லாமல் எடுக்கிற கை அது. அந்தக் கைக்கு அது பச்சைத் தண்ணீர்தான். என் முழங்கைக்கு அது சூடுதான். மேலே தொட்டால் ஒன்று, அடியில் கலக்காமல் நிற்கிறதைத் தொட்டால் இன்னொன்று. ஒரே வாளி, ஒரே தண்ணீர். தொட்ட கை வேறு, தொட்ட இடம் வேறு. எனக்கு அப்படியே கம்ப்யூட்டர் ஞாபகம் வந்துவிட்டது. பிள்ளையைத் துவட்டக்கூட மறந்து நின்றேன். “என்னளா பேயடிச்ச மாதிரி நிக்கே” என்று மாமியார் சத்தம் போட்டாள்.

இதை யாரிடம் சொல்ல? இவரிடம் சொன்னால், ‘எட்டாங்கிளாஸ் எனக்குப் பாடம் எடுக்குதா’ என்பார். திட்ட மாட்டார், சிரிப்பார். அது அதைவிட வெட்கம். அண்ணனுக்குச் சொல்லலாம் என்றால் எழுத்தில் எழுத எனக்குக் கை வராது. அதனால் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். இவர் கடையம் பக்கம் ஒரு வளைகாப்புக்கு போட்டோ எடுக்கப் போயிருந்தார். நான் கடையில் மேஜைக்கு அடியில் குனிந்து உட்கார்ந்துகொண்டு பேசினேன். மூன்று தடவை பேசி அழித்தேன். நாலாவது தடவை அனுப்பினேன்.

என்ன சொன்னேன் என்றால், “அண்ணே, நான் உலகம்மா பேசுதேன். நீங்க ரெண்டு பேரும் சொன்னது சரிதான். அவுக எண்ணும் சரி, உன் எண்ணும் சரி. குளிக்கிற வெந்நில அத்தை விரலை வச்சா பச்சத்தண்ணி, நான் முழங்கையை வச்சா சூடு. அது மாதிரி ஒவ்வொரு ப்ரோக்ராமும் ஒவ்வொரு எடத்துல ஒவ்வொரு கையை வச்சுப் பாக்குது. இதுக்குப் போயி பிள்ளைக்கு மடி இல்லன்னு சொல்லலாமா. ஆவணி பதினெட்டு காதுகுத்து. நீ வரணும். சத்தம் சரியா கேக்கலன்னா மெஷின் பக்கத்துல இருக்கேன், அதான். பிள்ளை துணியை மெஷினுக்குப் பின்னால காயப் போட்டுட்டே பேசுதேன். நாலு துணி இருக்கு. அவுக வருமுன்ன காயணும். வச்சிருதேன்.”

நாலு துணியையும் புரட்டிப் போட்டேன். அப்புறம் அவனிடமிருந்து ஒரு வாய்ஸ். திறந்தால் வெறும் சிரிப்பு அக்கா. சிரித்துச் சிரித்து இருமுகிறான். அடுத்தாற்போல் போனே பண்ணிவிட்டான்.

“ஏட்டி உலகு, தினமும் அங்கதான் காயப் போடுதியா?”

“ஆமாண்ணே. நல்லா காயுது.”

“எத்தனை நாளா?”

“சாரல் புடிச்சதுல இருந்து.”

“நான் வந்த அன்னைக்கு?”

“உன் பைக் சத்தம் கேட்டதும் எடுத்துட்டேன்.”

மறுபடி சிரிப்பு. அப்புறம், “சரி, மாப்ளைட்ட நீ ஒண்ணும் சொல்லாத. நான் பேசிக்கிடுதேன்” என்றான். நான் வாய்ஸ் அனுப்பியதைச் சொல்ல வேண்டாம் என்கிறான் போல என்று நினைத்துக்கொண்டேன். காதுகுத்துக்கு வருவியா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான். என்ன செய்ய, சிரிப்பு மும்முரம்.

ஆனால் என் வெந்நீர் அவன் மனசைத் தொட்டிருக்கிறது. அன்று சாயங்காலமே இவருக்குப் போன் பண்ணினான். ஒரு மாதம் கழித்து. நான் அடுக்களையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இந்தப் பக்கம் பேசுவது மட்டும்தான் கேட்டது. “ம்” என்றார். “ம். சொல்லுங்க” என்றார். அப்புறம், “என்னது?” என்றார். அப்புறம் தும்மல் மாதிரி ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் தோள் குலுங்குகிறது. என்னைப் பார்த்ததும் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

ராத்திரி சாப்பிடும்போது அவராகவே சொன்னார். அண்ணன் எங்கெங்கோ படித்துப் பார்த்துக் கண்டுபிடித்தானாம். அந்த மூளை இருக்கிறதே, அது ‘எனக்கு இத்தனை டிகிரி சூடு’ என்று சொல்லவே சொல்லாதாம். ‘நான் தாங்குகிற எல்லைக்கு இன்னும் இருபத்து நாலு டிகிரி இருக்கிறது’ என்று மட்டும்தான் சொல்லுமாம். எல்லை எது என்று ஒவ்வொரு ப்ரோக்ராமும் தானாக ஒன்றை நினைத்துக்கொள்ளுமாம். இவர் ப்ரோக்ராம் எல்லையை நூறு என்று வைத்து, அதில் இருபத்து நாலு போக எழுபத்தாறு என்றது. அண்ணனுடையது பழைய ப்ரோக்ராம், எல்லை எண்பத்தைந்து என்று வைத்து அறுபத்தொன்று என்றது. பலகையில் இருக்கிறது தனி, அது பக்கத்து வீட்டுச் சூடு. அந்த இருபத்து நாலு மட்டும்தான் நிஜம்.

“அப்ப யார் சொன்னது சரி?” என்று கேட்டேன்.

“இந்த மெஷினுக்கு எல்லை நூறுதான். என் எண்தான் சரி” என்றார். சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டு, “ஆனா மெஷின்ல கோளாறு இல்ல. அது மச்சான் சொன்னதுதான் சரி” என்றார்.

பாருங்கள், நான் சொன்னதேதான். இரண்டு பேரும் சரி. நான் வெந்நீர் என்றேன், அவர்கள் கழித்தல் கணக்கில் சொல்கிறார்கள்.

அண்ணன் பெருந்தன்மை எங்கே போய் நிற்கிறது என்றால், தப்பு முழுக்கத் தன் மேல்தான் என்று சொல்லியிருக்கிறான். காற்று வெளியே போக வழி வைக்காமல் சுவரை ஒட்டி வைத்துவிட்டுப் போனது அவன் தப்பாம். மெஷினைத் தூக்கி ஸ்டூடியோ பரணுக்குக் கீழே, உயரப் பலகையில் வைத்துவிட வேண்டும், பின்பக்கம் யார் கையும் எட்டக் கூடாது என்றானாம். இவரும் மறுநாளே வைத்துவிட்டார். அதிலிருந்து ஒரு தடவைகூட அணையவில்லை. அண்ணன் கைராசிக்காரன். எனக்குத்தான் கஷ்டம். ஸ்டூல் போட்டு ஏறினாலும் எட்டவில்லை. ஆனால் நல்ல வேளை, அதே வாரம் இவருக்கு என்ன தோன்றியதோ, அடுக்களையில் குறுக்கே இரண்டு கொடி கட்டி, ஒரு டேபிள் ஃபேன் வாங்கி வைத்து, “இனிமே துணியெல்லாம் இங்க” என்றார். நான் வாயே திறக்கவில்லை, அவராகச் செய்தார். வெளியே கடுகடு என்று இருந்தாலும் உள்ளே அப்படி ஒரு குணம்.

ஆனால் அது வேறு, காதுகுத்து வேறு அக்கா. தாய்மாமனைப் போனில் கூப்பிடக் கூடாது. பாக்கு வெற்றிலை, பழம் தட்டில் வைத்து, இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்குப் போய் அழைக்க வேண்டும். இவர் போகவில்லை. “என்னைக்குப் போகலாம்?” என்று கேட்டால், “பாப்போம், பாப்போம்” என்றார். நேற்று ராத்திரி கேட்டேன், “அண்ணன் வருவானா?” “வரணும்னா வருவாக” என்றார். அவ்வளவுதான். அண்ணனுக்குப் போன் போட்டால் எடுத்து, “கடைல ஆள் நிக்கு, அப்புறம் பேசுதேன்” என்று வைத்துவிடுகிறான். வேறு மடி பார்த்துக்கிடுங்க என்றானே, அதை அவன் திரும்ப எடுத்துக்கொண்டதாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. முகத்துக்கு முகம் பார்த்து நாற்பது நாளாகிறது. கோயிலில் மாமியார் ஒரு மாமனைப் பிடித்து வைத்திருப்பாள். பாயில் உட்காரத் தயாராக.

இலஞ்சி விலக்கு தாண்டிவிட்டதா? இனி ஐந்து நிமிஷம். கண்டக்டர் ஏன் இந்தப் பக்கம் வருகிறார். டிக்கெட் அவர் எடுத்துவிட்டாரே.

இல்லை, முன்னால்தான் நிற்கிறார். ஆளை எண்ணுகிறார். எங்கள் வீட்டுக்காரரிடம் ஏதோ கேட்கிறார் பாருங்கள்.

“சார், கடையம் மூணு எடுத்திருக்கீய. நீங்க ஒண்ணு, வீட்டம்மா ஒண்ணு. மூணாவது ஆள் எங்க?”

கேட்டீர்களா அக்கா? கைப்பிள்ளைக்கு டிக்கெட் கிடையாதே. மூன்றா எடுத்திருக்கிறார்?

“தென்காசில ஒராள் ஏறும்” என்கிறாரே.

“அவுக தென்காசில ஏறி எடுத்துக்கிட மாட்டாகளா? செங்கோட்டைல இருந்தே எதுக்குச் சார்?”

“இருக்கட்டும். எங்க வீட்டு விசேஷத்துக்கு அவுக டிக்கெட் எடுத்து வரக் கூடாது.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நீங்கள் அந்தப் பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள். எப்போது பேசினார்கள், எப்போது கூப்பிட்டார், எனக்கு ஒன்றும் தெரியாது. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன இவருக்கு? ராத்திரி பூராவும் தூங்காமல் கிடந்தேனே.

அதோ நிற்கிறான் அக்கா. பட்டு வேட்டி கட்டியிருக்கிறான், பையன் மாதிரி இருக்கிறான். கையில் தட்டு, மேலே புதுப் பாவாடை சட்டை. நனையாமல் இருக்கப் பாலிதீன் பை போட்டு மூடியிருக்கிறான். பின் படியில் ஏறுகிறான். இவர் முன்னால் இருந்து நகரவில்லை, பாருங்கள். ஆனால் அங்கிருந்தே கத்துகிறார்.

“மச்சான், டிக்கெட் எடுக்காதீய. எடுத்தாச்சு.”

“சரி மாப்ள.”

அவ்வளவுதான் பேச்சு. நாற்பது நாளைக்கு இது போதுமா? அவர்களுக்குப் போதும் போல.

அண்ணே, இங்க, இங்க வா. இந்த அக்கா கொஞ்சம் தள்ளி உட்காருவாக. பெண்கள் சீட்டுதான், பரவாயில்லை, கண்டக்டர் ஒன்றும் சொல்ல மாட்டார், சொன்னால் நான் பேசிக்கொள்கிறேன். தட்டை என்னிடம் கொடு. பிள்ளையை வாங்கு. பார்த்துப் பிடி, துள்ளுவாள்.

சமர்த்தாக உட்கார்ந்துகொண்டாள் பார்த்தீர்களா அக்கா, மாமன் மடியில். சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுக்கிறாள். கோயிலில் ஊசியைப் பார்த்தால் அழுவாள். அழட்டும், மடி இருக்கிறது.

அண்ணன் தலையைத் தூக்கி முன்னால் பார்க்கிறான். அவரும் கம்பியைப் பிடித்தபடியே திரும்பிப் பார்க்கிறார். அப்புறம் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள். அண்ணன் குலுங்கிச் சிரிக்கிற சிரிப்பில் பிள்ளையும் மடியில் குதித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

என்ன கண்டார்களோ என்னிடம். தலையில் பூ கோணலாக இருக்கிறதா அக்கா? இல்லையே. சரி, சிரிக்கட்டும்.